கொய்யா ஒட்டு: கத்தி எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கும் வேலை

கொய்யா ஒட்டு பிடிக்காவிட்டால் பலரும் கைப்பழக்கம் போதவில்லை என்றே நினைக்கிறார்கள். வெட்டு சுமாராக அமைந்தும் பிடித்த ஒட்டுகள் உண்டு. ஆனால் ஒட்டுக்குச்சி, அதாவது நல்ல ரக மரத்திலிருந்து வெட்டி இன்னொரு செடியின் மேல் பொருத்தும் துண்டு, ஈரம் இழந்திருந்தால் எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் பயனில்லை.

விதையில் முளைத்த கொய்யா தாய்மரம் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. பதியன் செடி, அதாவது மரத்திலிருக்கும்போதே கிளையை வேர்விடவைத்துப் பிரித்தது, தாயின் குணத்தோடு வரும், ஆணிவேர் இருக்காது. இரண்டும் வேண்டுமென்றால் ஒட்டுதான் வழி. அதில் கொய்யாவுக்கு எளிதானது ஆப்பு ஒட்டு.

வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் விதைக்கன்று, 6 முதல் 9 மாத வயதில், பென்சில் கனத்தில் இருக்கட்டும். குச்சியும் அதே கனம், 15 செ.மீ. நீளம், 3 அல்லது 4 கணு. கொய்யாவின் இளங்கிளையை விரலில் உருட்டிப் பாருங்கள். நான்கு விளிம்பு தட்டுப்படும். அது இன்னும் பிஞ்சு. விளிம்பு மறைந்து உருண்டையாகி, பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய இடமே ஒட்டுக்கு ஏற்றது.

அந்தக் கிளையை உடனே வெட்டக் கூடாது. 5 முதல் 7 நாள் முன்னதாகவே, காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கிள்ளிவிடுங்கள். காம்பு தானாக உதிரும். கணுவில் மொட்டு புடைக்கும். அப்போது காலை வேளையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே ஒட்டிவிட வேண்டும்.

வேர்ச்செடியை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வெட்டி, நடுவில் 4 செ.மீ. ஆழம் பிளக்கவும். குச்சியின் அடியை அதே நீளத்துக்கு இருபுறமும் ஆப்பாகச் சீவவும். ஒரே இழுப்பில் சீவினால்தான் பரப்பு சமமாக இருக்கும். சீவிச் சீவித் திருத்தினால் இடுக்கில் காற்று நிற்கும். கொய்யாவின் வெட்டுவாய் சீக்கிரம் பழுப்பாகும் என்பதால் உடனே செருகுங்கள். கனம் பொருந்தாவிட்டால் நடுவில் வைக்காமல், ஒரு பக்கப் பட்டையாவது நேருக்கு நேர் சேரும்படி ஓரமாக வையுங்கள். பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய பச்சைப் படலம்தான் ஒட்டுகிறது, நடுக்கட்டை அல்ல.

2 செ.மீ. அகலப் பாலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிக் கட்டி, குச்சியின் மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் உறையைக் கவிழ்த்து, ஒட்டுக்குக் கீழே கட்டுங்கள். இந்த உறைதான் குச்சி காயாமல் காக்கிறது. செடி நிழலிலேயே இருக்க வேண்டும். வெயிலில் உறைக்குள் குச்சி வெந்துவிடும்.

இரண்டு வாரத்தில் துளிர் தெரியும். அதைப் பார்த்ததும் உறையைக் கழற்றிவிடுவதுதான் பெரிய தவறு. குச்சியில் சேமித்திருந்த உணவைக் கொண்டே முதல் துளிர் வந்துவிடும், வெட்டு கூடியிருக்காது. அப்போது கழற்றினால் இரண்டே நாளில் துளிர் கருகும். இலை விரிந்து நிறம் ஏறும்வரை, சுமார் 3 வாரம், பொறுங்கள். பிறகு மாலையில் கழற்றுங்கள். நாடாவை 2, 3 மாதத்தில் அவிழ்க்காவிட்டால் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும்.

நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் ஒவ்வொன்றையும் கிள்ளுங்கள். அது வேர்ச்செடியின் துளிர். வேரும் அதனுடையது, வேகமும் அதிகம். விட்டுவைத்தால் மேலுள்ள ரகத்தை அமுக்கிவிடும். வாங்கிய ரகம் ஒன்று, காய்ப்பது வேறொன்று என்றால், காய்த்த கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று அடிவரை பாருங்கள். பெரும்பாலும் ஒட்டுத் தழும்புக்குக் கீழேதான் இருக்கும்.