கட்டுக்கிணறும் பச்சை வரைபடமும்

புள்ளிவிபரவியலில் முதுமாணி செய்யும் பிள்ளைகள் ஆய்வுக்கு உதவி கேட்டு எங்கள் திட்டமிடல் பிரிவுக்கு வருவதுண்டு. அப்படி வந்த ஒரு மாணவி, வவுனியா மாவட்டக் குடிநீர்த் தரவைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாக வரைபடமாக்கியிருந்தா. பெரும்பகுதி பச்சை, அதாவது பாதுகாப்பான நீர். கொள்கைப் பரிந்துரை எழுதித்தரட்டுமா என்று கேட்டா.

கணக்கில் பிழையில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் ‘பாதுகாக்கப்பட்ட கிணறு’ என்றொரு வகை உண்டு. வெளி அழுக்கு விழாமல் சுற்றிவரக் கட்டுக் கட்டிய எங்கள் கட்டுக்கிணறுகள் அதற்குள் அடங்கிவிடும். (1981க்குப் பிறகு வன்னி முழுவதும் எடுத்த முதல் கணக்கெடுப்பு அதுதான். இன்னும் எத்தனையோ அறிக்கை அதில்தான் தொங்குகிறது.)

ஆனால் புளோரைட்டு என்ற கனிம உப்பு கட்டுக்கு மேலால் விழுவதில்லை, அடிப்பாறையிலிருந்து கரைந்து வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வவுனியாவில் அதைத் தாண்டிய கிணறுகள் இருக்கின்றன. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். சின்ன வயதிலிருந்தே அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளையின் முன்பல்லில் பழுப்புக் கறை விழும். “பல் விளக்கிறேல்லையோ?” என்று வகுப்பில் பேச்சு வாங்குவதும் அந்தப் பிள்ளைதான்.

ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் பாதுகாப்பான குடிநீரை அளக்கும் 6.1.1 குறிகாட்டி, கிணற்றுக் கட்டைப் பார்ப்பதோடு நிற்காது. நீர் வளவுக்குள் இருக்கவேண்டும், தேவைப்படும்போது கிடைக்கவேண்டும், மலக்கிருமியும் எல்லைக்கு மேற்பட்ட ஆசனிக்கும் புளோரைட்டும் இருக்கக்கூடாது. அப்படிப் பார்த்தால் அந்தப் பச்சையில் எவ்வளவு மிஞ்சும் என்று அந்த வரைபடத்தால் சொல்லமுடியாது.

பிள்ளை மனந்தளரவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு கிராமத்துக்குப் போனா. கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகள் வெவ்வேறு காரியாலயக் கோவைகளில் கிடந்தன. சிலவற்றில் கிணற்றுச் சொந்தக்காரரின் பெயர் மட்டும், பிரிவு இலக்கம் இல்லை. அவற்றை ஒன்றுசேர்த்ததுதான் என் பார்வையில் அவ செய்த உருப்படியான வேலை, எந்தப் பகுப்பாய்வு மென்பொருளும் அதைச் செய்துதராது.

பிறகு அவவின் கேள்விகளே மாறிவிட்டன. சவ்வால் நீரை வடிகட்டிக் கொடுக்கும் ஆர்.ஓ. நிலையத்தில் கான் நிரப்ப வரும் குடும்பம் மாதம் என்ன செலவழிக்குது? வடிகட்டிச் சவ்வு பழுதானால் மாற்றுகிற காசு யாருடையது? கழித்துவிடும் உப்புத்தண்ணீர் எந்தக் காணிக்குள் போகுது?

தரவிலிருந்து கொள்கைப் பக்கம் வர விரும்பும் பிள்ளைகளே, 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தை ஒருமுறை வாசியுங்கள். அனுமதி கேட்டுப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து பாருங்கள். கிணறு, சவ்வு, காசு என்று யார் எதைக் கேட்கிறார்கள், எந்தக் காரியாலயம் பதில் சொல்கிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு உங்கள் அட்டவணையைத் திறவுங்கள்.