விலை சரிந்த பங்கை வாங்கப் போகிறீர்களா? தேவாலாவைக் கொஞ்சம் நினையுங்கள்

நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் 1879 முதல் 1881 வரை தங்கப் பித்து தலைக்கேறியிருந்தது. லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. நோய் தாக்கி நொடித்துக் கிடந்த காப்பித் தோட்டங்கள் 'தங்க பூமி' என்று கொள்ளை விலைக்குக் கைமாறின. பாறையை அரைத்துப் பார்த்தபோது கிடைத்த தங்கம் செலவுக்கே காணவில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

1880இல் கோலாரில் தொடங்கிய மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியின் பங்கும் பிறகு சீந்துவாரில்லாமல் போனது. மிச்சமிருந்த பணத்தைப் போட்டு இன்னும் ஆழம் தோண்டியதில் சாம்பியன் ரீஃப் என்ற வளமான தங்கப் படிவு அகப்பட்டது. கோலாரில் 2001 வரை தங்கம் எடுத்தார்கள்.

சரிந்த விலையை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். கோலார் பங்கை அடிமட்டத்தில் வாங்கியவருக்கும் பாறைக்குள் இருப்பது தெரிந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் எவ்வளவு பணம் போடுகிறோம் என்பது, எதில் போடுகிறோம் என்பதைவிட முக்கியமாகிறது.

"100 ரூபாய்ப் பங்கு 20க்கு வந்துவிட்டது, இனி எங்கே விழும்?" என்று கேட்டு வருபவர்கள் அதிகம். 10க்கு விழும். அப்போது 20க்கு வாங்கியவரின் பணத்தில் பாதி காலி. ஊரே வெறுக்கிறது என்பது வாங்கக் காரணமாகாது. பல நேரம் ஊர் சரியாகவே வெறுக்கிறது. ஐந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்து, லாபம் காட்டிய ஆண்டுகளில் தொழிலிலிருந்து ரொக்கம் உண்மையில் வந்ததா என்று பாருங்கள். கடன் ஏறுகிறதா, புரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கி நடத்துபவர்) தன் பங்கை அடகு வைத்திருக்கிறாரா, ஆடிட்டர் பாதியில் விலகினாரா? இந்தக் கடைசி மூன்று கேள்விகளில் இரண்டுக்கு 'ஆம்' என்றால் விட்டுவிடலாம்.

மொத்தச் சந்தையும் பயத்தில் விழுவது வேறு கதை. 2020 ஜனவரியில் 12,400ஐத் தாண்டிய நிஃப்டி (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) மார்ச்சில் 7,511 வரை இறங்கி, நவம்பரில் பழைய உச்சத்தைக் கடந்தது. அடிமட்டம் எது என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆகவே பணத்தை நான்காகப் பிரித்து, மாத இடைவெளியில், இப்படியொரு குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். தனி நிறுவனம் என்றால் மொத்த முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக இருக்கட்டும்.

ஆப்ஷனில் (குறித்த தேதிக்குள் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று பணம் கட்டும் ஒப்பந்தம்) 'எதிர்ப் பந்தயம்' கட்டுவதை இதோடு சேர்க்கவே கூடாது. திசை சரியாக இருந்தும் கெடு தேதி முந்திக்கொண்டால் போட்டது பூஜ்யம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது.

நம் மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. பச்சைத்தேயிலை விற்றுக் குடும்பம் நடத்துபவர், எல்லோரும் ஒதுக்குகிறார்கள் என்று தேயிலைக் கம்பெனிப் பங்கை வாங்குகிறார். குன்னூர் ஏலத்தில் விலை விழுந்தால் இலைக்குக் கிடைக்கும் காசும் குறையும், தோட்ட மதிப்பும் குறையும், பங்கும் இறங்கும். அந்த மாதம்தான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்க வேண்டிவரும். நகைக்கடன் வாங்கிப் போட்டிருந்தால் இன்னும் மோசம்: 12 சதவீத வட்டியில், பங்கு இரண்டு ஆண்டு அசையாமல் கிடந்தாலே நூற்றுக்கு 24 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும்.