சினமன் ரோலின் நடு வளையம் ஏன் வேகாமல் நிற்கிறது?

அமெரிக்காவில் மளிகைக் கடைக்குப் போனால், பாலும் வெண்ணெயும் வைத்திருக்கும் குளிர் அலமாரியில் சாண் நீள அட்டைக் குழாய்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். மேலே சுற்றிய தாளை உரித்து, மூட்டு ஓடும் இடத்தில் கரண்டியால் ஒரு அழுத்து அழுத்தினால் 'டப்' என்று குழாய் பிளந்து, உள்ளே இருக்கும் மாவு தானாகப் பிதுங்கும். அதிலேயே பட்டைத்தூளும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி, வட்டம் வட்டமாக வெட்டியும் வைத்திருப்பார்கள். மேலே தடவ ஐசிங்கும் ஒரு சின்ன டப்பாவில் கூடவே வரும். ஏர் ஃப்ரையர் கூடையில் வைத்தால் பத்து நிமிடத்தில் சினமன் ரோல் தயார் என்பது பேச்சு.

நான் முதல் தடவை செய்தபோது பத்து நிமிடத்தில் மேல்பக்கம் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. பிட்டுப் பார்த்தால் வெளி வளையம் பன், அதற்கடுத்தது பாதி பன், நடு வளையம் பச்சை மாவு. வேகவில்லையே என்று அடுத்த தடவை வெப்பத்தைக் கூட்டினேன். மேலே கரி, நடுவில் அதே பச்சை மாவு.

அப்புறம்தான் உறைத்தது. இந்த ரோல் 'சீக்கிரம்' ஆகிறது என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கை அந்த அட்டைக் குழாய் முன்கூட்டியே சம்பாதித்து வைத்திருக்கிறது. ஏர் ஃப்ரையர் வேகமாகச் செய்வது ஒரே ஒரு வேலையைத்தான்: ரோலின் தோலைச் சூடாக்குவது. தோலுக்கு உள்ளே வெப்பம் எந்த வேகத்தில் நகரும் என்பது அதன் கையில் இல்லை.

முதலில் குழாயைப் பார்ப்போம். முறையாகச் செய்யும் சினமன் ரோலுக்கு ஈஸ்ட் வேண்டும். மாவைப் பிசைந்து ஒரு முறை உப்பவிட்டு, சுருட்டி வெட்டி இன்னொரு முறை உப்பவிட்டு, அடுப்பில் வைப்பதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிவிடும். ஈஸ்ட் உயிருள்ளது. குளிரில் வேலையைக் குறைக்குமே தவிர முழுதாக நிறுத்தாது. மூடிய குழாயில் வாரக்கணக்கில் விட்டால் வாயு சேர்ந்துகொண்டே போய்க் கடை அலமாரியிலேயே வெடிக்கும். அதனால் இந்தக் குழாய் மாவில் பெரும்பாலும் ஈஸ்டுக்குப் பதில் ரசாயனம் இருக்கும். ஒன்று, ஆப்ப மாவில் போடும் அதே சோடா உப்பு. இன்னொன்று, சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட் என்ற அமில உப்பு. சோடா உப்பு தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ பட்டால் உடனே பொங்கும். இந்தப் பைரோபாஸ்பேட் அப்படியில்லை. குளிரில் சரியான சோம்பேறி. சூடு ஏறினால்தான் சோடாவோடு முழுமூச்சாகச் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடும்.

ஆனாலும் குழாயில் அடைத்த முதல் சில மணி நேரத்தில் வாயு கொஞ்சம் உண்டாகத்தான் செய்கிறது. அதுவும் வேண்டுமென்றே விட்டதுதான். மாவு மெல்ல உப்பிக் குழாயை நிரப்பும்போது உள்ளிருக்கும் காற்று ஓரங்கள் வழியாக வெளியேறுகிறது. பிறகு மாவே போய் அந்த இடுக்குகளை அடைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் போய்விட்டதால் மாவு கறுப்பதில்லை, பூஞ்சை பிடிப்பதில்லை. திறக்கும்போது கேட்கும் 'டப்', அப்படி அடைபட்ட அழுத்தம் விடுதலை ஆகும் சத்தம். கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில்லைச் சேர்ந்த லைவ்லி வில்லபி என்ற பேக்கர், குளிர் மாவை இப்படிப் பொதிந்து வைக்கும் முறைக்கு 1931-இல் காப்புரிமை வாங்கினார். அதே ஊரின் பாலர்ட் அண்ட் பாலர்ட் மாவு நிறுவனம் அதை விற்றது. அந்த நிறுவனத்தை 1951-இல் பில்ஸ்பரி வாங்கிக்கொண்டது. ஆக, நம்முடைய மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தவர் இந்த பேக்கர். ஈஸ்ட் புளிப்பில் வரும் வாசனை மட்டும் இதில் வராது. வெறும் பன்னாகச் சுட்டால் அந்தக் குறை நாக்கில் தெரியும். சினமன் ரோலில் பட்டை வந்து மூடிவிடுகிறது.

சரி, இப்போது ஏர் ஃப்ரையர். பெயரில்தான் பொரிப்பு இருக்கிறது. உண்மையில் இது விசிறி வைத்த ஒரு குட்டி அவன் (oven), அதாவது சூடான காற்றில் வேகவைக்கும் மூடிய அடுப்பு. உணவுக்கு மேல் சூடான காற்றை ஊதும் யோசனையும் புதிதல்ல. 1940-களில் வில்லியம் மேக்ஸன் என்ற அமெரிக்கர், விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்க விசிறி அவன் ஒன்றைச் செய்து அதற்கு 'சுழல்காற்று அவன்' என்று பெயரே வைத்தார். இன்று சமையல் மேடையில் நிற்கும் முட்டை வடிவக் கருவி, நெதர்லாந்தின் ஃபிரெட் வான் டெர் வெய் உருவாக்கியது. 2010-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது.

காற்று வெப்பத்தைக் கடத்துவதில் ரொம்பக் கஞ்சன். 180 டிகிரி செல்சியஸ் அவனுக்குள் கையை ஓரிரு நொடி நீட்டி எடுத்தால் ஒன்றும் ஆகாது. 100 டிகிரி கொதிநீரில் விரல் நுனி பட்டாலே வெந்துவிடும். இட்லி வெறும் 100 டிகிரி நீராவியில் பத்து நிமிடத்தில் வேகிறதே, காரணம் நீராவி குளிர்ந்து நீராகும்போது தன்னிடம் இருக்கும் வெப்பத்தையெல்லாம் இட்லி மேல் கொட்டிவிட்டுப் போகிறது. அவனில் அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, உள்ளே வைத்த பொருளை ஒட்டி அசையாத காற்று மெல்லிய போர்வையாகப் படிந்துவிடும். அந்தப் போர்வைதான் பெரிய தடை.

ஃபின்லாந்துக்காரர்களின் சௌனா அறையில் காற்று 80, 90 டிகிரியில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் தாங்கலாம். அங்கே உங்கள் கை மேல் நீங்களே வாயால் ஊதிப் பாருங்கள், சுரீர் என்று சுடும். வாயிலிருந்து வரும் காற்று அறையைவிடக் குளிர்ந்ததுதான். ஆனாலும் தோலை ஒட்டி நின்ற போர்வையை அது கலைத்து, சுற்றியிருக்கும் சூடான காற்றை இழுத்து வந்து மோதவிடுகிறது. ஏர் ஃப்ரையரின் விசிறி இதைத்தான் இடைவிடாமல் செய்கிறது.

கூடவே, இடம் சின்னது. அமெரிக்க வீடுகளில் அவன் என்றால் ஏறத்தாழ 140 லிட்டர் கொள்ளளவு, 3000 வாட் அளவில் மின்சக்தி. ஏர் ஃப்ரையர் கூடை 4 லிட்டர்தான், மின்சக்தியோ 1500 வாட். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் அங்கே 21 வாட், இங்கே 375 வாட். பெரிய அவன் சூடேறவே கால் மணி நேரம் ஆகும். இது இரண்டு மூன்று நிமிடத்தில் தயார். இரண்டாவது மிச்சம் இது. நேர்மையான மிச்சம்தான்.

மூன்றாவது இடத்தில்தான் சிக்கல். தோல் வரை விரைந்து வந்த வெப்பம் மாவுக்குள் நடந்துதான் போக வேண்டும். ஒரு பொருளின் தடிமன் இரண்டு மடங்கானால், நடுப்பகுதி சூடேற ஆகும் நேரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். 3 செ.மீ. உயர ரோலை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி 2 செ.மீ. ஆக்கினால், வேகும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த ஒரு அழுத்தலுக்கு ஈடாக வெப்பத்தை எவ்வளவு கூட்டினாலும் பலன் வராது.

இதே கணக்கில் இன்னொரு பொறி ஒளிந்திருக்கிறது. வெப்பம் மேலிருந்தும் கீழிருந்தும் வந்தால் அது ரோலின் பாதி உயரம் நடந்தால் போதும், நடுவில் சந்தித்துக்கொள்ளும். கூடையின் ஓட்டைகளையெல்லாம் மூடுகிற மாதிரி ஃபாயிலோ பட்டர் பேப்பரோ விரித்துவிட்டால் அடியில் காற்று போகாது. வெப்பம் மேலிருந்து மட்டுமே வர வேண்டும், முழு உயரமும் நடக்க வேண்டும். அதாவது கையில் இருப்பது 3 செ.மீ. ரோல்தான், ஆனால் வேகும்போது அது 6 செ.மீ. ரோல் போல நடந்துகொள்கிறது. சர்க்கரை ஒட்டாமல் இருக்கட்டும் என்று நான் கூடை முழுக்கத் தாள் விரித்திருந்தேன். பச்சை மாவுக்குக் காரணம் அதுதான்.

உள்ளே என்னதான் நடக்கிறது? முதலில் மாவிலும் பட்டைப் பூச்சிலும் இருக்கும் கொழுப்பு உருகிவிடும். பரோட்டா மாவில் எண்ணெய் அடுக்குகளைப் பிரித்து வைப்பதுபோல இங்கே அந்தக் கொழுப்பு வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. சூடு ஏற ஏற சோடாவும் பைரோபாஸ்பேட்டும் வாயுவை விட்டு மாவை ஊதவைக்கின்றன. 60 டிகிரியைத் தாண்டும்போது கோதுமை ஸ்டார்ச் (மாவுச்சத்து) தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகத் தொடங்கும். 70, 80 டிகிரியில் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இறுகி, ஊதிய வடிவம் அப்படியே நிலைக்கும். நடுப்பகுதி 90 டிகிரியை எட்டினால் வெந்தது என்று அர்த்தம்.

தோலின் கதை வேறு. ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. விசிறிக் காற்று அந்த ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிவிடுவதால் தோல் காய்ந்து, 140 டிகிரிக்கு மேல் போய்ப் பழுக்க ஆரம்பிக்கிறது. சர்க்கரை வேறு தடவியிருக்கிறதே, அது 160-ஐத் தாண்டினால் முதலில் கேரமல், பிறகு கரி. முன்னதாகவே இறுகிவிட்ட வெளி வளையம் விரிந்துகொடுக்காததால் உள்ளே ஊதும் மாவு மேல்நோக்கித்தான் போயாக வேண்டும். நடு வளையம் கோபுரம் மாதிரி எழும்பி நிற்பது இதனால்தான். எழும்பியபின் அது மேலே இருக்கும் சூட்டுச் சுருளுக்கு இன்னும் பக்கத்தில் போய்விடுகிறது, நுனி கருகுகிறது.

நடு வளையத்துக்கு இன்னொரு வில்லனும் உண்டு. ஸ்டார்ச் கூழாவதைச் சர்க்கரை தள்ளிப்போடுகிறது. சர்க்கரைப் பாகில் கிடக்கும் ஸ்டார்ச், தண்ணீரில் வேகும் ஸ்டார்ச்சைவிடப் பல டிகிரி கூடுதல் வெப்பம் கேட்கும். நடுவில் சுருள் இறுக்கமானது, உருகிய சர்க்கரையும் கொழுப்பும் அங்கே தேங்கும். ஆக, வெப்பம் கடைசியாகப் போய்ச் சேரும் அதே இடம்தான் வேக அதிக வெப்பம் கேட்கும் இடமும். முழுதாக வெந்தபிறகும் அது கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதற்காகவே அதைக் கடைசி வரை ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு; நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பிசுபிசுப்பு வேறு, பச்சை மாவு வேறு. ஒரு சமையல் வெப்பமானியை நடுவில் குத்திப் பார்த்துவிட்டால் சந்தேகமில்லை.

இத்தனையும் தெரிந்தபின் செய்முறை தானாக வந்துவிடுகிறது. குழாயின் மேல் அவனுக்கு என்று போட்டிருக்கும் வெப்பத்தை அப்படியே வைக்காமல், 160 டிகிரி அளவில் வைக்க வேண்டும், அதாவது 320 ஃபாரன்ஹீட். தோல் காயும் வேகத்தைக் குறைத்து, வெப்பம் நடுவுக்கு நடந்து போக அவகாசம் கொடுக்கிறோம். ரோலை லேசாக அழுத்தி, ஒன்றுக்கொன்று விரல் இடைவெளி விட்டு வைத்து, ஐந்தாறு நிமிடத்தில் திருப்பிப் போட்டால் சின்ன ரோல்கள் பத்து நிமிடத்தில் தேறிவிடும். பெரிய ரோலுக்கு இன்னும் நாலைந்து நிமிடம் வேண்டும். மேலே முன்கூட்டியே சிவந்தால் அடியை விட்டுவிட்டு மேலே மட்டும் சின்னத் துண்டு ஃபாயிலை, காற்றில் பறக்காதபடி ரோலோடு சேர்த்து மடித்து மூடலாம். தாள் போட்டே ஆக வேண்டும் என்றால் ரோலின் அளவுக்கு வெட்டி, ரோலை மேலே வைத்தபிறகுதான் கருவியை முடுக்க வேண்டும். வெறும் தாளோடு முன்சூடு செய்தால் விசிறி அதைத் தூக்கிச் சிவந்திருக்கும் சூட்டுச் சுருளில் ஒட்டிவிடும், தீப்பிடிக்கும்.

பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டையின் மணம் சினமால்டிஹைடு என்ற எண்ணெய்ப் பொருளிலிருந்து வருகிறது. அது கிருமிகளைத் தடுப்பதுபோல ஈஸ்டையும் மட்டுப்படுத்தும். ஈஸ்ட் மாவு பிசையும் பேக்கர்கள் பட்டையை மாவில் கலக்காமல் நடுவில் தடவுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தோனேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் தடித்த கேசியா வகைதான் அமெரிக்க ரோல்களில் பெரும்பாலும் இருக்கும். இலங்கைத் தமிழர் கறுவா என்று சொல்லும் மெல்லிய அடுக்குப் பட்டை மணத்தில் மென்மையானது, விலையிலும் அதிகம். கேசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு, அளவு மிஞ்சினால் கல்லீரலுக்கு ஆகாது. கறுவாவில் அது மிகச் சொற்பம். ஐரோப்பிய ஒன்றியம் சாதாரண இனிப்பு ரொட்டி வகைகளில் கூமரினைக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. பண்டிகைக் காலப் பாரம்பரியப் பண்டங்களுக்கு 50 வரை அனுமதி. 2013 கடைசியில் டென்மார்க்கில் இதை வைத்துப் பெரிய ரகளையே நடந்தது. அவர்களுடைய பட்டைச் சுருள் ரொட்டி தினசரிப் பண்டமா பாரம்பரியப் பண்டமா என்று பேக்கர்களும் உணவுத் துறையும் மல்லுக்கட்டினார்கள். மாதத்துக்கு ஒரு குழாய் பிரிப்பவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினமும் காலையில் பட்டைத்தூளைக் கரண்டிக் கணக்கில் குடிப்பவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

வெளியே எடுத்த ரோலை ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். தோலில் தங்கிய வெப்பம் அந்த நேரத்திலும் உள்ளே நடந்துகொண்டிருக்கும், நடு வளையம் மேலும் சில டிகிரி ஏறும். அதற்குள் ஐசிங்கைத் தடவினால் உருகி அடியில் குளமாக நிற்கும். ரொம்ப ஆறினால் பரவாது. கை பொறுக்கும் சூடு சரியான பதம்.

மிஞ்சிய ரோல் மறுநாள் கெட்டியாகிவிட்டால் அது காய்ந்துவிட்டது என்று தோன்றும். தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கிறது. கூழான ஸ்டார்ச் மீண்டும் படிகம் கட்டிக்கொள்வதால் வருகிற விறைப்பு அது, ஃபிரிட்ஜ் குளிரில் இன்னும் வேகமாக வரும். 60 டிகிரிக்கு மேல் சூடானால் அந்தப் படிகம் குலைந்து ரோல் இளகிவிடும். 150 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் போதும். ஐசிங்கை மட்டும் முதலில் வழித்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கூடை கழுவுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.