துப்பாக்கி உரிமம்: பயிற்சிச் சான்றிதழில் பலர் ஏமாறுகிறார்கள்

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் ஒருவர், துப்பாக்கி உரிமத்துக்காக இரண்டு ஆண்டுகளாக அலைவதைக் கூடவே இருந்து பார்க்கிறேன். தோட்டத்துக்குள் தனி வீடு. கத்திக் கூப்பிட்டாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. மனு கொடுத்து ஐந்து மாதம் ஆன பிறகுதான், "பயிற்சிச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். முதல் நாளே கேட்டிருக்கலாம். பதறிப்போனவர் ஓர் இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஒரு தாளை வாங்கினார். துப்பாக்கியைத் தொடாமலேயே கிடைத்த சான்றிதழ் அது, செல்லவில்லை. பணமும் போயிற்று, மனுவும் திரும்பி வந்தது.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, 21 வயது நிரம்பியவர் உரிமம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு விதிகள் வந்த பிறகு, எஸ்-1 படிவத்தில் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். ஆயுதத்தைக் கையாளுவது, சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைப்பது ஆகியவை அந்தப் பயிற்சியில் அடங்கும்.

ஆகவே பயிற்சியை முதலில் முடியுங்கள். யாரிடம் பெற்ற சான்றிதழ் ஏற்கப்படும் என்று உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லி அனுப்பினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் அதே கேள்வியைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்து, எந்த அலுவலகம் என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். எங்கள் சேலம் மாவட்டத்தில் ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர்ப் பகுதிக்கு மாவட்ட ஆட்சியர். சேலம் மாநகரக் காவல் எல்லைக்குள் குடியிருந்தால் காவல் ஆணையர். நகரத்தில் வீடும் மலையில் தோட்டமும் உள்ளவரை இங்கே போ, அங்கே போ என்று விரட்டுவார்கள். மனுவில் எழுதும் முகவரியும் ஆதாரில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்கட்டும்.

"பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. திருட்டு, மிரட்டல் பற்றிக் கொடுத்த புகார்களுக்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். என்ற ஒப்புகை ரசீது, எப்.ஐ.ஆர். நகல் எல்லாவற்றையும் இணையுங்கள். காவல்துறை 30 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 60 நாளில் உரிமம் வழங்கும் அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கெடுவை யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் பிடிமானம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. மலைக் கிராமத்து மக்களிடம் இதை மறைத்தே திருப்பி அனுப்புகிறார்கள். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

எவ்வளவு பயிற்சி போதும் என்று கேட்கிறார்கள். சான்றிதழுக்கு ஒரு வகுப்பு போதலாம், உயிருக்குப் போதாது. இருட்டில், கை நடுங்கும்போது, தோட்டா உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பார்த்தே சொல்லத் தெரியும் வரை பழக வேண்டும். அதன் பிறகும் மாதம் ஒரு முறையாவது அனுமதி பெற்ற சுடுதளத்துக்குப் போக வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் சுட்டுப் பழகுவது வழக்கில் கொண்டுபோய் விடும்.

எப்போது சுடக் கூடாது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைத் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளி தீங்கையும் அவை அனுமதிக்கவில்லை. மிளகு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் சிறைக்குப் போவது நீங்கள்தான். காட்டுமாட்டை விரட்டத் துப்பாக்கி வேண்டும் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு.

"தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி, பரணில்தானே கிடக்கிறது" என்று இருந்துவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. உரிமம் உள்ள அப்பா இறந்துபோனாலும், அவருடைய துப்பாக்கியை உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குச் சட்டத்திலேயே உரிமம் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

அந்த மிளகுத் தோட்டக்காரர் முறையாகப் பயின்று, எஸ்-1 சான்றிதழுடன் மறுபடியும் மனு கொடுத்திருக்கிறார். காவல்துறை அறிக்கைக்குப் போய் இன்றோடு 41 நாள். திங்கட்கிழமை ஒப்புகைச் சீட்டின் நகலோடு நினைவூட்டல் கடிதம் கொடுக்கப் போகிறோம்.