காமா நேரம் சொல்லும், ரேடியோ இடம் சொல்லும்

மே மாதத் தொடக்கத்தில் இரவு 10 மணியளவில் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ அண்ணாந்து பார்த்தால், கன்னி விண்மீன் கூட்டம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத எம்87 விண்மீன் மண்டலம் அந்தத் திசையில்தான், 5½ கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் நடுவே 650 கோடிச் சூரியன்களின் நிறை கொண்ட ஒரு கருந்துளை. கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்றுதான் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் விழப்போகும் வாயுவில் ஒரு பகுதியைச் சுழலும் காந்தப்புலம் பிடித்து ஒரு நீண்ட தாரையாக வெளியே வீசிவிடுகிறது. எம்87இன் அந்தத் தாரையை 1918இலேயே அமெரிக்க வானியலாளர் ஹெபர் கர்ட்டிஸ் ஒரு நேர்க்கோடாகக் கண்டார்.

சில வேளைகளில் அங்கிருந்து வரும், மிக அதிக ஆற்றல் கொண்ட ஒளியான காமாக் கதிர்கள் திடீரென்று பல மடங்கு கூடி, சில நாட்களில் அடங்கிவிடும். இவ்வளவு விரைவாக ஏறி இறங்கும் ஒளி பெரிய இடத்திலிருந்து வர முடியாது. அப்படி வந்தால், அந்த இடத்தின் இரு முனைகளிலிருந்தும் ஒளி வந்துசேரும் நேர வித்தியாசமே ஏற்ற இறக்கத்தைக் கரைத்துவிடும். சரி, அந்தச் சிறிய இடம் எங்கே? கருந்துளையின் வாசலிலா, தாரையில் வெகுதூரம் தள்ளியா?

காமாத் தொலைநோக்கியால் இதைச் சொல்ல முடியாது. அதற்குத் தாரை முழுவதும் ஒரே புள்ளி. பள்ளத்தாக்கில் தப்பு மேளச் சத்தம் எழும்பினால் கோயில் திருவிழா தொடங்கிவிட்டது தெரியும். தோட்டத்தின் எந்த டிவிஷன் என்று மலையின் எதிரொலி சொல்ல விடாது. விளக்கு வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே அந்தக் கண் ரேடியோ அலை.

ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும்போது ரேடியோ அலை பிறக்கிறது. ஹவாயிலிருந்து கரிபியன் தீவு வரை பரந்திருக்கும் விஎல்பிஏ என்ற அமெரிக்க ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பின் 10 அலைவாங்கிகளை இணைத்தால், 8,000 கிலோமீட்டர் அகலக் கண் ஒன்று கிடைக்கிறது. 2005இல் எம்87இல் காமா எழுச்சி வந்தபோது, தாரையின் அடியிலுள்ள பிரகாசமான கருவிலிருந்து 200 ஒளியாண்டுக்கு அப்பால், தாரையில் முடிச்சுப் போலத் தெரியும் ஓர் ஒளித் திட்டின் மீதுதான் பலருக்குச் சந்தேகம். 2008இல் மீண்டும் எழுச்சி வந்தது. அப்போது அந்த முடிச்சு அடங்கியே இருக்க, கருந்துளையை ஒட்டிய கருவின் ரேடியோ ஒளி ஏறத் தொடங்கி, காமா அடங்கிய பிறகும் ஏறிக்கொண்டே போனது. காரணம் அழகானது: அடர்த்தியான பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்களாலான வாயு) தன் ரேடியோ அலையைத் தானே விழுங்கிக்கொள்ளும், விரிந்து மெலிந்த பிறகுதான் வெளியே விடும். காமாவுக்கு அந்தத் தடை இல்லை.

நமது மலையகத்துப் பனிமூட்டம் சென்டிமீட்டர் அலைகளைத் தடுக்காது. கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வளையத்தைப் படம் பிடித்த 1.3 மில்லிமீட்டர் அலையின் கதை வேறு. காற்றிலுள்ள நீராவியே அதை உறிஞ்சிவிடும். அதனால்தான் அந்தத் தொலைநோக்கிகள் சிலியின் அட்டகாமா பாலைவனம் போன்ற உயரமான வறண்ட இடங்களில் இருக்கின்றன.

அப்புறம் 2010இல் ஒரு கூர்மையான காமா எழுச்சி. கருவின் ரேடியோ ஒளியோ அசையவே இல்லை. ஆகவே எல்லா எழுச்சிக்கும் ஒரே பிறப்பிடம் என்று அடித்துச் சொல்வது அவசரம் என்பேன். 2018 ஏப்ரலில் அடுத்தது வந்தபோது, வளையத்தைப் படம் பிடிக்கும் தொலைநோக்கிகளும் காமாத் தொலைநோக்கிகளும் ஒன்றாக எம்87ஐப் பார்த்துக்கொண்டிருந்தன. முந்திய ஆண்டோடு ஒப்பிட்டால் வளையத்தின் மிகப் பிரகாசமான பகுதி ஏறக்குறைய 30 பாகை நகர்ந்திருந்தது. அந்த நகர்வுக்கும் எழுச்சிக்கும் தொடர்பு உண்டா என்பதைத்தான் இப்போது தேடுகிறார்கள்.