கைதி, பிரதி, ஜாமீன்: எல்லையோரம் புழங்கும் வழக்குச் சொற்கள்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ், காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் மலையாளம். அங்கே காதில் விழும் சொற்கள் பலவும் நமக்குத் தெரிந்தவை போலவே இருக்கும். பொருள்தான் வேறு.

முதலில் கைதி. கையில் விலங்கு மாட்டுவதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கட்டு, விலங்கு என்று பொருள்படும் ‘கைத்’ என்ற அரபுச் சொல்தான் இதற்கு வேர். ‘கைது’ம் அதிலிருந்து வந்ததே. தெலுங்கில் ‘கைதீ’. மலையாளத்தில் ‘தடவுகாரன்’, ‘தடவுபுள்ளி’ என்பார்கள். அந்தத் ‘தடவு’ நம் ‘தடை’க்கு உறவு. தமிழில் சிறையாளர் என்று தாராளமாகச் சொல்லலாம். சிறை பழைய சொல். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழனின் சிறையில் கிடந்து பாடியது என்றே புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குக் குறிப்பு இருக்கிறது. இப்போது செய்திகளில் வரும் ‘சிறைவாசி’யில் பாதி வடசொல் என்றாலும் மரியாதையான சொல்தான்.

அடுத்தது ‘பிரதி’. நமக்கு அது நகல். மலையாளத்தில் குற்றம் சாட்டப்பட்டவர். ‘ஒன்னாம் பிரதி’ என்றால் வழக்கில் முதலாவதாகப் பெயர் சேர்க்கப்பட்டவர். ‘விசாரண’ என்பதும் அங்கே கோர்ட்டில் வழக்கு நடப்பதைக் குறிக்கும். போலீஸ் துப்பு விசாரிப்பது ‘அன்வேஷணம்’. தமிழில் இரண்டுக்குமே விசாரணை என்கிறோம். ‘விசாரணைக் கைதி’ என்றால் வழக்கு முடியாமல் உள்ளே இருப்பவர். தீர்ப்பு வந்து தண்டனை பெற்றவர்தான் தண்டனைக் கைதி. அதுவரை யாரையும் குற்றவாளி என்று எழுதக் கூடாது. பிடிபட்ட அன்றைக்கே அப்படி அச்சிட்டுவிட்டால், பின்னால் விடுதலையானாலும் ஊர் அந்தப் பேரை விடாது.

ஜாமீன் என்பதும் அரபு வழி வந்ததே. மூலத்தில் அது விடுவிப்பைக் குறிக்கவில்லை, பொறுப்பேற்கும் ஆளைக் குறித்தது. தமிழில் அது விடுவிப்புக்குப் பெயராகிவிட்டதால், ஆளைச் சொல்ல ஜாமீன்தாரர் என்று இன்னொரு சொல் தேவைப்பட்டது. மலையாளத்தில் ‘ஜாம்யம்’. நல்ல தமிழில் பிணை, பிணையாளி. பிணைப்பது, கட்டுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

எல்லை தாண்டி வேலைக்குப் போய் வழக்கில் சிக்கியவருக்கு இந்தப் பிணையாளிதான் பெரும்பாடு. சொந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் அண்ணன் வந்து நின்றாலும், உள்ளூர் ஆள் வேண்டும் என்று கேட்பதுண்டு. 1978இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். அது செல்லாது என்று தீர்ப்பு எழுதியவர், பாலக்காட்டில் 1915இல் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர்.

அவருடைய பிறந்த நாளான நவம்பர் 15ஐக் கேரளத்தில் புரொபேஷன் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். புரொபேஷனுக்கு மலையாளச் சொல் ‘நல்லநடப்பு’. தமிழ்நாட்டு வழக்கில் ‘நன்னடத்தை’, அதைக் கவனிப்பவர் நன்னடத்தை அலுவலர். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த வழக்கில் குற்றம் நிரூபணமானவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், அதிகபட்சம் 3 ஆண்டு ஒழுங்காக இருப்பேன் என்று உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் வெளியே விடலாம். அவரைக் கைதி என்று சொல்வது தவறு. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் என்பதே சரி.