சத்தம் இல்லை என்றால் செட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்

போன வாரம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு டீச்சர், கார் ரேடியோ செட் திருத்தும் என்னிடம் தன்னுடைய பழைய டொயோட்டா விட்ஸ் காரைக் கொண்டுவந்தார். செட்டில் லைட் எரிகிறது, ஸ்டேஷன் மாறுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. மனம் நொந்துபோகும் விஷயம் என்னவென்றால், அது அந்தக் காருக்குப் பூட்டிய இரண்டாவது செட். முதலாவது காரோடு வந்த ஒரிஜினல். அதிலும் இதே கோளாறு வந்தபோது ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "ஐசி போய்ட்டு மிஸ், இனிச் செய்ய ஏலாது" என்று சொல்லி (ஐசி என்பது செட்டுக்குள் இருக்கும் சில்லு), புதிய அன்ட்ரொயிட் செட் ஒன்றைப் பூட்டிவிட்டு, பழையதை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். புதியது சில நாட்கள் பாடியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. திரும்பப் போனபோது, "அப்ப வயரிங் முழுக்க மாத்தணும்" என்றார்களாம்.

கோளாறு டிரைவர் பக்கக் கதவில் இருந்தது. கதவுக்கும் பொடிக்கும் (காரின் இரும்பு உடலுக்கும்) நடுவே வயர்கள் போக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள் ஸ்பீக்கர் வயர் ஒன்றின் தோல் உரிந்து, செம்பு இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை மாற்றி, சொல்டர் பிடித்து, மேலே ஸ்லீவ் போட்டதும் நாலு ஸ்பீக்கரும் பேசின. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு ஒரு செட்டுக்கும் ஓர் ஒரிஜினல் செட்டின் இழப்புக்கும் போய்விட்டது. இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இப்படி வரும் கார்கள் கூடிக்கொண்டே போகின்றன.

நம் மக்களின் மனதில் ஆழமாகப் பதிந்துபோன ஒரு நம்பிக்கை இருக்கிறது: சத்தம் செட்டில் இருந்து வருகிறது, ஆகவே சத்தம் நின்றால் செட் செத்துவிட்டது. கொஞ்சம் பொறுமையாக இதைப் பார்ப்போம். செட்டுக்குள் ஸ்டேஷன் பிடிக்கும், யூஎஸ்பி வாசிக்கும், திரையை எரியவைக்கும் பகுதி ஒன்று. சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கரை அசைக்கிற அம்ப் ஐசி இன்னொன்று. டிடிஏ 7388 போன்ற ஐசிகளுக்குள்ளேயே பாதுகாப்பு இருக்கிறது. ஸ்பீக்கர் வயர் பொடியில் முட்டினாலும், பெட்டரி பிளஸில் முட்டினாலும், இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டினாலும், அது எரிந்துபோகாமல் தன்னை நிறுத்திக்கொள்ளும். பல செட்களில் ஒரு மூலையில் முட்டினாலே நாலு பக்கமும் சத்தம் நின்றுவிடும். அதாவது, சத்தம் போடாமல் இருக்கும் செட் பல வேளைகளில் நல்ல செட். ஆபத்து இருக்கிறது என்று கண்டுபிடித்து நிற்கிற செட். அதைத்தான் "ஐசி போய்ட்டு" என்று கழற்றி எறிகிறார்கள்.

சில செட்கள் பாவம், திரையிலேயே சொல்லிவிடும். பயனியர் "அம்ப் எரர்" என்று காட்டும். ஜேவிசி, கென்வுட் செட்களில் "ப்ரொடெக்ட்" என்றோ "மிஸ்வயரிங்" என்றோ வரும். அந்த எழுத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வாருங்கள். அதைவிடப் பெரிய உதவி எனக்கு வேறில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு பழைய பழக்கம்: ஸ்பீக்கரின் மைனஸ் வயரைப் பொடியில் எர்த் அடிப்பது. கெசட் டேப் காலத்துச் சில செட்களில் அது சரி. மைனஸ் பொதுவாக எர்த்தில்தான் இருந்தது. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயருக்கும் உயிர் இருக்கிறது. மல்டிமீட்டரை டீசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பொடியிலும் மறு முனையை ஸ்பீக்கர் வயரிலும் தொட்டுப் பாருங்கள். செட் ஓன் ஆகியிருந்தால் பெரும்பாலானவற்றில் பெட்டரி வோல்டேஜில் பாதி, அதாவது 6 வோல்ட் அளவு காட்டும். இரண்டு வயரிலும் அதே அளவு. இரண்டுக்கும் நடுவே வைத்தால் பூச்சியத்துக்குக் கிட்ட. ஒரு வயரைப் பொடியில் அடித்தால் அந்தப் பாதி வோல்டேஜை நேரே எர்த்துக்கு விடுகிறீர்கள். செட் நிற்காமல் என்ன செய்யும்? வயது போன பாஸ்மார் (மூத்த மெக்கானிக்மார்) சிலர் இன்னமும் இதைச் செய்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

சரி, காரில் சத்தம் நின்றுவிட்டது. என்ன செய்வது?

முதலில் எல்லா ஸ்பீக்கரும் நின்றதா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள். பெலன்ஸையும் (இடம்-வலம்) ஃபேடரையும் (முன்-பின்) நாலு மூலைக்கும் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். (சின்னப் பிள்ளைகள் திரையைத் தடவி ஃபேடரைப் பின்னால் தள்ளிவிட்ட கார்களும் என்னிடம் வந்திருக்கின்றன.) ஒரு மூலை மட்டும் என்றால் செட்டைத் தொடவே வேண்டாம். அந்தக் கதவைப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டி வைத்து, கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விட்டு விட்டுப் பேசினால் ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கிறது. டிரைவர் கதவுதான் அதிகம் திறந்து மூடப்படுவது, அதுதான் முதலில் அறும்.

ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டால், அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டரில் ஓம் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையா, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பெட்டரி ஒன்றை இரண்டு முனையிலும் ஒரு கணம் தொடுங்கள். "டக்" என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. செட்டோடு இணைந்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

எல்லாம் நின்றிருந்தால்? மியூட்டைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஸ்டியரிங்கில் இருக்கும் மியூட் பட்டன் அமுங்கியிருப்பது தெரியாமல் கராஜ் கராஜாக ஏறியவர்கள் உண்டு. ப்ளூடூத் போன் அழைப்பு முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் செட் மற்றச் சத்தத்தை விடாது. போனின் ப்ளூடூத்தை நிறுத்திப் பாருங்கள். காரோடு வராமல் வெளியில் வாங்கிய செட் பூட்டிய கார் என்றால் மியூட் வயர் என்று ஒன்று இருக்கும், பல செட்களில் அது பிரவுன் நிறம், பயனியரில் மஞ்சளில் கறுப்புக் கோடு. அது எங்கும் இணைக்கப்படாமல், நுனி மூடப்படாமல் தொங்கினால், ஒரு குழியில் கார் விழும்போது போய் இரும்பில் முட்டும். முட்டினால் சத்தம் போய்விடும். முக்கால் அங்குல டேப்பை மிச்சம் பிடித்ததால் வரும் கோளாறு இது.

தனி அம்ப் இருக்கும் கார்களில் செட்டில் இருந்து போகும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயரைப் பாருங்கள். அதில் 12 வோல்ட் வராவிட்டால் அம்ப் விழிக்காது. பெட்டரிக்குப் பக்கத்தில் அம்புக்கென்று ஒரு பியூஸும் இருக்கும். மற்றபடி, செட்டின் திரை எரிகிறது என்றால் செட்டின் பியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதை நோண்டாதீர்கள். திரையும் எரியாவிட்டால்தான் பியூஸ் பக்கம் போக வேண்டும். போனாலும், 10 அம்பியர் போன இடத்தில் 10 அம்பியர்தான். 20 போடுவதும், சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் காருக்கு நெருப்பு வைக்கிற வேலை. பியூஸ் உருகாவிட்டால் வயர்தான் உருகும். அந்த வயர் உங்கள் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்குள் இருக்கிறது.

இனி என்னுடைய கையில் இருக்கும் ஒரு வழி. டொயோட்டா, டைஹட்சு செட்களின் பின்னால் இரண்டு கனெக்டர் வரும். 10 பின் உள்ளதில் கரண்டும் முன் ஸ்பீக்கர்களும், 6 பின் உள்ளதில் பின் ஸ்பீக்கர்களும். செட்டை நிறுத்தி, 6 பின்னைக் கழற்றிவிட்டு, செட்டை மட்டும் மறுபடி ஓன் பண்ணிப் பாருங்கள். முன்பக்கம் பேசத் தொடங்கினால், பின் கதவு வயர் எங்கோ பொடியில் முட்டுகிறது என்று தெரிந்துவிட்டது. செட்டுக்குக் குற்றமில்லை. ஒரு ஸ்க்ரூட்ரைவரும் கொஞ்சப் பொறுமையும் இருந்தால் போதும். இதைச் செய்து பார்க்காமல் "செட் போச்சு" என்று சொல்லும் எவரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

பெட்டரி மாற்றியபின் சத்தம் போனது என்று வருபவர்கள் தனி ரகம். ஹொண்டா என்றால் பல செட்கள் கோட் கேட்கும். ஜப்பானில் இருந்து வந்த டொயோட்டா நெவிகேஷன் செட்களில் பல, கரண்ட் அறுந்தால் தன்னுடைய மெப் எஸ்டி கார்டைக் கேட்கும், சிலது அன்லொக் கோடும் கேட்கும். கொடுக்காவிட்டால் ரேடியோவும் இல்லை, பாட்டும் இல்லை. அந்தக் கார்டைப் பலர் கழற்றிப் பழைய பாட்டுப் போட்டுவிட்டார்கள். கார்டைத் தொடாதீர்கள் என்று வாங்கும்போதே யாரும் சொல்வதில்லை. பெட்டரி மாற்றப் போகும்முன் கார்ட் உள்ளே இருக்கிறதா, கோட் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

யூஎஸ்பி பாடுகிறது, ரேடியோ மட்டும் இரைகிறது என்றால் அது சத்தக் கோளாறே இல்லை. ஜப்பானில் எஃப்எம் 76-இல் தொடங்கி முன்பு 90 மெகாஹெர்ட்ஸ் வரை, இப்போது 95 வரை. நம் நாட்டில் 88 முதல் 108 வரை. அதனால்தான் இங்கே பேண்ட் எக்ஸ்பேண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை அன்டெனா வயரில் போடுகிறோம். அதற்குக் கரண்ட் போகும் வயர் கழன்றால் ஸ்டேஷன் எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போகும். அதை மாட்டினால் முடிந்தது.

கொழும்புக்கென்றே உள்ள இரண்டு எதிரிகளையும் சொல்ல வேண்டும்: மழையும் கடல் காற்றும். கதவின் உள்தட்டைக் கழற்றினால் ஒரு பொலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். கண்ணாடி மோட்டர் பார்க்க, லொக் பார்க்க என்று கதவைத் திறப்பவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிட்டுத் தட்டை மூடுகிறார்கள். அடுத்த தென்மேற்குப் பருவமழையில் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு ஊறிப்போகும். கழற்றும்போது பக்கத்தில் நின்று, "அந்தத் தாளைத் திரும்ப ஒட்டுங்கோ" என்று கேளுங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கம், முகத்துவாரம் பக்கம் கார் நிறுத்துபவர்களின் கனெக்டர்களில் பச்சைப் பாசி போலத் துரு ஏறும். கொன்டக்ட் கிளீனர் அடித்து, இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினாலே பல செட்கள் பேசத் தொடங்கும்.

இப்போது மிகவும் மன்றாடிக் கேட்பது. ஒரிஜினல் கனெக்டரை வெட்ட விடாதீர்கள். புதிய செட் போடத்தான் வேண்டும் என்றாலும், உங்கள் காரின் சொக்கட்டுக்குப் பொருந்தும் அடப்டர் ஹார்னஸ் (வெட்டாமல் மாட்டும் இணைப்பு வயர்) கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது. செட்டின் விலையோடு பார்த்தால் அது ஒரு பொருட்டே இல்லை. வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய மூட்டுகள் டேஷ்போர்டின் வெயில் சூட்டில் பசை இளகித் திறந்துகொள்ளும். அப்புறம் எந்த வயர் எந்த ஸ்பீக்கருக்கு என்று எவருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025-இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் எல்லோரும் பழைய கார்களையே வைத்து ஓட்டினோம். அந்தக் கார்களின் வயர்கள் இப்போது கிழடாகிவிட்டன, ஒவ்வொரு வெட்டும் அவற்றின் ஆயுளைக் குறைக்கிறது. கழற்றிய செட்டையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அது உங்களுடையது.

வீட்டில் தானே பார்க்கப் போகும் தம்பிமாருக்கு: பெட்டரி மைனஸைக் கழற்றாமல் செட்டின் பின்னால் கை வைக்காதீர்கள், கழற்றும்முன் மேலே சொன்ன கோட் விஷயத்தைப் பாருங்கள். ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது எயார்பேக், அதில் டெஸ்ட் லேம்பைக் குத்த வேண்டாம். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் தடித்த ஆரஞ்சு கேபிள்களை நெருங்கவே வேண்டாம். முதல் தலைமுறை அக்குவாவின் பெரிய பெட்டரி 144 வோல்ட், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 201.6 வோல்ட். நாம் தேடும் 12 வோல்ட் பெட்டரி இரண்டிலும் பின்பக்கம் இருக்கிறது.

2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கிய கார்கள் போல, தண்ணீருக்குள் நின்ற கார் உங்களுடையது என்றால், "ஒருக்கா போட்டுப் பார்ப்பம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். ஈரத்தோடு கரண்ட் போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கழுவிக் காயவைத்துக் காப்பாற்றக்கூடிய செட் எரிந்துபோகிறது. ஹைபிரிட் என்றால் கையே வைக்காமல் அந்த வேலை தெரிந்த ஆளை வரச் சொல்லுங்கள். மற்றக் காரில், தண்ணீர் முழுக்க வடிந்தபின் பெட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுக் கட்டி இழுத்து வாருங்கள். செட்டை நாங்கள் திறந்து பார்க்கிறோம்.